வேகத்துக்குப் பேர்போன பறவை சும்மா உட்கார்ந்திருக்கிறது

பொரி வல்லூறைப் பற்றி எதை எடுத்துப் படித்தாலும் முதல் வரியிலேயே வேகம் வந்துவிடும். உயரத்திலிருந்து சிறகை ஒடுக்கிக்கொண்டு இரையின் மேல் விழும்போது மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டுமாம். உலகில் அதை மிஞ்சிய வேகம் வேறு எந்த உயிருக்கும் இல்லை. அந்த வரியைப் படித்து மயங்கித்தான் நானும் உள்ளே போனேன். மார்ச் முதல் ஜூன் வரை ஒரு ஜோடியை, கூட்டில் பொருத்திய கேமராவின் நேரலையில் தினமும் பார்த்தேன். காலையில் பல் துலக்கிக்கொண்டே, வேலைக்கு நடுவில் திருட்டுத்தனமாக, ராத்திரி தூக்கம் பிடிக்காதபோது. இத்தனை நாளில் அந்த வேகம் ஒருமுறைகூடக் கண்ணில் படவில்லை. பார்த்ததெல்லாம், அது உட்கார்ந்திருந்ததைத்தான்.

ஓர் உயரமான கட்டடத்தின் விளிம்பில் ஒரு மரப்பெட்டி. முன்பக்கம் திறந்திருக்கும், தரையில் கூழாங்கல். கூடு அவ்வளவுதான். குச்சி இல்லை, நார் இல்லை, பஞ்சு இல்லை. வல்லூறு கூடு கட்டுகிற ஜாதியே இல்லை. மலைப்பாறையில் ஒரு விளிம்பைப் பிடித்து, மார்பை அழுத்தி, காலால் மண்ணைப் பின்னுக்குத் தள்ளி ஒரு குழி பறித்துக்கொள்ளும். கட்டடத்தில் வெறும் சிமெண்ட் என்றால் முட்டை உருண்டுவிடும், மழைத் தண்ணீர் தேங்கும். அதனால்தான் மனிதர்கள் பெட்டி வைத்துக் கல்லைக் கொட்டுகிறார்கள். பெட்டியின் வலது மூலையில் கேமரா. இடது பக்கம் விளிம்பு தொடர்கிறது, ஆனால் அது படத்தில் விழாது. இந்த இடது பக்கம் பிற்பாடு என் உயிரை வாங்கப்போகிறது என்று அப்போது தெரியாது.

ஒருநாள் அம்மா என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். "ஏண்டி, படம் நின்னுபோச்சா?"

"இல்லம்மா, அடைகாக்குது."

"அசையவே இல்லையே."

நிஜம்தான். மூலையில் ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்தின் நொடிகள் மட்டும்தான் அது நேரலை என்பதற்குச் சாட்சி. கொஞ்ச நேரம் கழித்துப் பறவை கண்ணைச் சிமிட்டியது. மேலிருந்து கீழே வரும் இமை இல்லை அது. பக்கவாட்டில் பால்நிறச் சவ்வு ஒன்று ஓடிவந்து மூடித் திறக்கும். அத்தனை வேகத்தில் பாயும்போது காற்றும் தூசியும் படாமல் கண்ணைக் காக்கிற மூன்றாவது இமை. உட்கார்ந்த இடத்தில் அதற்கு வேலையே இல்லை, ஆனாலும் தன் பாட்டுக்கு வந்து போனது.

மொத்தம் நான்கு முட்டை. செங்கல்லும் காவியும் கலந்த நிறம், ஒன்றைப்போல் ஒன்று இல்லை. ஒவ்வொன்றுக்கும் நடுவில் இரண்டு நாள் போல இடைவெளி. முதல் முட்டை வந்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. தாய் அதன் மேல் ஒழுங்காக உட்காரவில்லை. பக்கத்தில் நின்றது, எழுந்து போனது, திரும்பி வந்து மறுபடி நின்றது. முட்டை குளிர்ந்துவிடாதா? இதற்கு ஒன்றுமே தெரியாதோ? தெரியாதது எனக்குத்தான். மூன்றாவது முட்டை விழும்வரை அது முழுமூச்சாக அடைகாக்காது. முதல் முட்டையிலேயே தொடங்கினால் முதல் குஞ்சு ஒரு வாரம் முந்திப் பிறந்து, கடைக்குட்டி பட்டினி கிடக்கும். எல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பொரிய வேண்டும் என்றுதான் இந்தக் காத்திருப்பு. அடைகாக்கத் தொடங்காத முட்டை குளிரைத் தாங்கிக்கொள்ளும்.

நான் பார்த்ததிலேயே எனக்குப் பிடித்த காட்சி ஒன்று உண்டு, ஒரு நாளைக்கு நாலைந்து முறை வரும். முட்டைகளை நெருங்கும்போது வல்லூறு தன் விரல்களை மடக்கிக்கொள்ளும். புறாவை வானத்தில் கிழிக்கிற நகங்கள் அவை. அவற்றை உள்ளே மடித்து, முஷ்டி பிடித்த மாதிரி வைத்துக்கொண்டு, வாத்து போலத் தத்தித் தத்தி வரும். அப்புறம் வயிற்று இறகை விலக்கி, இறகு உதிர்ந்த வெறும் தோல் முட்டையில் படும்படி, இப்படியும் அப்படியும் ஆடி ஆடி இறங்கும். ஆணுக்கும் முறை உண்டு. ஆனால் ஆண் வல்லூறு பெண்ணைவிட மூன்றில் ஒரு பங்கு சிறியது. நான்கு முட்டையை அது மூடப் பார்ப்பது, சின்னப் போர்வையை நாலு பேர் இழுத்துக்கொள்கிற கதை. இந்தப் பக்கம் மூடினால் அந்தப் பக்கம் ஒன்று எட்டிப் பார்க்கும். அலகால் அதை உள்ளே தள்ளும், வேறொன்று வெளியே வரும். பெண் வந்து, "சரி, எழுந்திரு" என்கிற மாதிரி குரல் கொடுத்தால், சில நாள் எழுந்திருக்க மனமில்லாமல் அழுத்தமாக உட்கார்ந்துகொள்ளும். அவ்வளவு பெருமை போல.

அந்த ஜோடிக்கு நான் பெயர் வைக்கவில்லை. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இந்தப் பைத்தியம் எனக்குத் தொற்றியது கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் இருந்து. அங்கே 94 மீட்டர் உயர மணிக்கூண்டில் 2017இலிருந்து ஆனி, கிரின்னெல் என்று ஒரு ஜோடி கூடு வைத்துவந்தது. 2022 மார்ச் 31 அன்று, ஆனி முட்டையோடு இருக்கும்போது, கிரின்னெல் நகரத்துக்குள் செத்துக் கிடந்தது. வாகனம் மோதியிருக்கலாம் என்றார்கள். நடந்ததை எப்படிச் சொல்வது? சில மணி நேரத்தில் இன்னொரு ஆண் வந்தது. ஆனி அதை விரட்டவில்லை. வந்தது இரை கொண்டுவந்து கொடுத்தது, தனக்குச் சம்பந்தமில்லாத முட்டைகளின் மேல் உட்கார்ந்தது. அதற்கு ஆல்டன் என்று பெயர் வைத்தார்கள். அந்த ஆண்டு இரண்டு குஞ்சுகளை ஆனியும் ஆல்டனும் வளர்த்து ஆளாக்கிப் பறக்கவிட்டன.

இந்தச் செய்தி கேட்டவர்களில் பாதிப் பேர் நெகிழ்ந்தார்கள், பாதிப் பேர் ஆனியைத் திட்டினார்கள். செத்தவன் உடல் ஆறுவதற்குள்ளா என்று. இரண்டும் எனக்கு உடன்பாடில்லை. அடைகாக்கும் பறவை ஒரே நேரத்தில் முட்டையையும் சூடாக வைத்துக்கொண்டு வேட்டைக்கும் போக முடியாது. அங்கே தீர்க்க வேண்டியிருந்தது அந்தக் கணக்குதான். ஆல்டனுக்கோ காலியான ஒரு நல்ல இடம். வல்லூறுகளில் இடம் கிடைக்காமல் சுற்றிக்கொண்டிருக்கும் இளவட்டங்கள் எப்போதும் உண்டு. பெயர் வைத்தால் இதெல்லாம் நாடகமாகிவிடுகிறது, நாமும் கதாபாத்திரங்களுக்கு நியாயம் கேட்கத் தொடங்கிவிடுகிறோம். என் ஜோடி பெயரில்லாமலே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். (அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. பெண்ணை "மகராசி" என்றும் ஆணை "அந்த ஆளு" என்றும் சொல்வார்.)

ஏப்ரலில் ஒரு ராத்திரி நல்ல மழை. அகச்சிவப்பு வெளிச்சத்தில் படம் கறுப்பு வெள்ளையாக இருந்தது. சாரல் பெட்டிக்குள் அடிக்க அடிக்க, மகராசி அலகைக் காற்றின் திசைக்குத் திருப்பி, உடம்பைத் தட்டையாக்கிக்கொண்டு படுத்திருந்தது. அதன் மொத்த எடையும் அந்த நான்கு ஓடுகளின் மேல். அப்போதுதான் எனக்கு உறைத்தது: ஒரு காலத்தில் இந்த எடையைத் தாங்க முடியாமல்தான் ஓடுகள் நொறுங்கின. தாயே தன் முட்டையை உடைத்தது, சும்மா உட்கார்ந்த பாவத்துக்கு.

அந்தக் கதையின் தொடக்கம் ஒரு வேடிக்கை. 1960களின் தொடக்கத்தில் பிரிட்டனில் பந்தயப்புறா வளர்ப்பவர்கள், வல்லூறுகள் பெருகிவிட்டன, எங்கள் புறாக்களை அழிக்கின்றன என்று புகார் செய்தார்கள். சரி, எண்ணிப் பார்ப்போம் என்று கணக்கெடுப்பு நடந்தது. பொறுப்பேற்றவர் டெரிக் ராட்கிளிஃப் என்ற ஆய்வாளர். போய்ப் பார்த்தால், பல இடங்களில் பாறை விளிம்புகள் காலி. இருந்த கூடுகளிலும் உடைந்த முட்டைகள். பெருகிவிட்டதாகச் சொன்ன பறவை அழிந்துகொண்டிருந்தது. ஏன் உடைகின்றன என்று தேடியவர் பழைய முட்டைச் சேகரிப்புகளைக் கையில் எடுத்தார். பொழுதுபோக்குக்காகக் கூடுகளில் திருடி, ஊதி வெறுமையாக்கி, தேதி எழுதிப் பெட்டிகளில் பூட்டி வைத்திருந்தார்களே, அந்த முட்டைகள். ஒவ்வொன்றாக அளந்து எடைபோட்டதில் ஓர் உண்மை தெரிந்தது: 1940களின் பிற்பகுதியில் ஓடு திடீரென்று மெலிந்திருக்கிறது, எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. டிடிடி பூச்சிமருந்து பரவலாகப் புழக்கத்துக்கு வந்த அதே காலம். 1967இல் அதை வெளியிட்டார். கூட்டைக் கொள்ளையடித்தவர்களின் பெட்டிகளில்தான் அந்தப் பறவையைக் காப்பாற்றிய சாட்சியம் இருந்தது என்பதை நினைக்கும்போது, முட்டைத் திருடர்கள் மேல் எவ்வளவு கோபப்படுவது என்று எனக்கு இன்னமும் குழப்பம்தான்.

டிடிடி உடம்பில் சிதைந்து டிடிஈ ஆகிறது. பூச்சியில் கொஞ்சம், பூச்சியைத் தின்ற குருவியில் கொஞ்சம் அதிகம், குருவிகளைத் தின்ற வல்லூறில் மொத்தமும். முட்டை ஓட்டுக்குச் சுண்ணச்சத்து போய்ச் சேருவதை அது தடுத்துவிடுகிறது. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் 1960களின் நடுவில் ஒரு ஜோடிகூட மிஞ்சவில்லை. 1970இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டாம் கேட் என்ற பறவையியலாளர் வல்லூறுகளைக் கூண்டில் வைத்துப் பெருக்கும் வேலையைத் தொடங்கினார். 1972இல் அங்கே டிடிடி தடை செய்யப்பட்டது. கூண்டில் வளர்ந்த குஞ்சுகளைப் பாறைகளிலும் உயரமான கட்டடங்களிலும் வைத்துப் பறக்கவிட்டார்கள். கட்டடம் அவற்றுக்குப் பாறைதான், அடியில் புறாவுக்கும் பஞ்சமில்லை. 1999இல் அழியும் நிலையில் உள்ளவற்றின் பட்டியலில் இருந்து பெயர் எடுக்கப்பட்டது. இன்றைக்கு இத்தனை மாடிகளில் இத்தனை கேமராக்கள் இருப்பதற்கு அந்த வேலையும் ஒரு காரணம். மழை விடியற்காலையில் நின்றது. மகராசி எழுந்து உடம்பை உதறியது. நான்கும் முழுசாக இருந்தன. எனக்கு அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டது.

அடைகாத்த முப்பத்து மூன்றாம் நாள் ஒரு முட்டையில் நட்சத்திரம் போல ஒரு விரிசல். உள்ளேயிருந்து கீச்சென்று சத்தம். குஞ்சின் அலகு நுனியில் முட்டைப் பல் என்று ஒரு சின்ன முள் இருக்கும்; அதை வைத்துக் குத்திக் குத்தி, நடுநடுவே மணிக்கணக்கில் ஓய்வெடுத்து, ஓட்டைச் சுற்றிலும் வெட்டிக்கொண்டு வர வேண்டும். இரண்டு நாள் ஆனது. தாய் கூடக் குனிந்து கேட்டதே தவிர உதவவில்லை. எனக்கோ திரைக்குள் கையை விட்டு ஓட்டைப் பிய்த்துவிடலாமா என்று இருந்தது. அப்புறம் ஒன்றரை நாளுக்குள் மூன்று குஞ்சுகள். ஈரப்பஞ்சு போல, கழுத்து நிற்காமல், கண் திறக்காமல். நான்காவது முட்டை கடைசிவரை பொரியவில்லை. அதை யாரும் தூக்கி எறியவும் இல்லை. வாரக்கணக்கில் அங்கேயே கிடந்தது, குஞ்சுகள் அதன் மேல் தலை வைத்துத் தூங்கின.

முதல் இரை வந்த அன்று அம்மா எழுந்து போய்விட்டார். "பாவம், புறா. இதையெல்லாம் உட்கார்ந்து பார்ப்பியா நீ?" என்றார். பெரும்பாலும் வேறு எங்கேயோ வைத்து இறகு பிடுங்கிச் சுத்தம் செய்துதான் கொண்டுவருகின்றன. அன்றைக்கு என்னவோ கேமராவுக்கு முன்னாலேயே வைத்துப் பிய்த்தது. ஆனால் ஊட்டும் விதத்தைப் பார்த்தால் வேறு பறவையோ என்று தோன்றும். அரிசிமணி அளவு இறைச்சித் துணுக்கு ஒன்றை அலகு நுனியில் எடுத்து, தலையைச் சாய்த்து, ஆடிக்கொண்டிருக்கும் வாய்க்கு நேராகப் பிடித்துக் காத்திருக்கும். விழுந்தால் எடுத்துத் தானே தின்னும். முன்னால் நிற்பதற்குத்தான் முதலில் கிடைக்கும், அது அநியாயம்தான். ஆனால் தீனிப்பை நிறைந்ததும் அந்தக் குஞ்சு நின்ற இடத்திலேயே தூங்கி விழும், அடுத்ததற்கு வழி கிடைக்கும். இரை தாராளமாக இருக்கும்வரை சண்டை இல்லை.

பத்து நாள் கழித்து அம்மாவே வந்து கேட்டார்: "மணி பதினொண்ணாச்சு, இன்னும் ஒண்ணும் வரலையே? அந்த ஆளு எங்க போனான்?" புறா பாவம் என்ற பேச்சு அதற்குப்பின் எங்கள் வீட்டில் எழவில்லை.

அவை வளரும் வேகத்தை என்ன சொல்ல. பிறக்கும்போது நாற்பது கிராமைத் தாண்டாது. ஆறு நாளில் இரட்டிப்பு, மூன்று வாரத்தில் பத்து மடங்கு. வெள்ளிக்கிழமை பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை பார்த்தால் வேறு யாரோ. ஆகா, கடைசியில் இந்தக் கூட்டில் ஏதோ ஒன்று வேகமாக நடக்கிறது என்று நினைத்தேன்.

அப்போதுதான் அந்த விபத்து. வல்லூறுக் குஞ்சுகள் சுத்தக்காரர்கள். எச்சமிட வேண்டுமென்றால் பின்னோக்கி நடந்து, குழியில் படாதபடி தள்ளி நின்று, பின்பக்கத்தைத் தூக்கிப் பீய்ச்சும். கொஞ்சம் வளர்ந்தபின் அந்தப் பீச்சல் நல்ல தூரம் போகும். ஒருநாள் காலை திரையைத் திறந்தால் படத்தின் வலது பாதி முழுக்க வெள்ளை. குறி தவறாமல் கண்ணாடியிலேயே அடித்துவிட்டது! குஞ்சு இருக்கும் காலத்தில் தேவையில்லாமல் மேலே ஏறக்கூடாது, அது நியாயம். ஆனால் ஐந்து நாள் சுண்ணாம்புத் திரைக்குப் பின்னால் மங்கலாக அசையும் உருவங்களைப் பார்த்துக்கொண்டிருந்த என் நிலையையும் சொல்ல வேண்டுமல்லவா. அப்படியும் பார்த்தேன். கடைசியில் ஒரு மழைதான் கழுவிவிட்டது.

மூன்று வாரம் ஆனபோது தலைக்கவசம் போட்ட இருவர் வந்து குஞ்சுகளின் காலில் வளையம் மாட்டினார்கள். அதற்கு அதுதான் சரியான சமயம்: கால் முழு அளவுக்கு வளர்ந்திருக்கும், வளையம் கழன்று விழாது; பயந்து வெளியே குதிக்கும் வயதும் வந்திருக்காது. இரண்டு ஆண், ஒரு பெண். பெண்ணுக்குக் கால் தடிமன், அதற்குப் பெரிய வளையம். மகராசி தலைக்கவசத்தின் மேல் மோதிய சத்தத்தை மைக்கில் கேட்டேன். மோதியதைப் பார்க்கவில்லை. அது நடந்தது படத்துக்கு வெளியே.

எல்லாமே படத்துக்கு வெளியேதான் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வேட்டை, துரத்தல், வானத்தில் காலிலிருந்து காலுக்கு இரை கைமாறுவது, அந்நியப் பறவையோடு சண்டை, இவற்றில் ஒன்றையும் நான் பார்த்ததில்லை. வந்து இறங்குவதைத்தான் பார்த்தேன். அலகு திறந்து, மார்பு ஏறி இறங்க, காலில் ரத்தத்தோடு. எங்கே போனது, எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தது, எத்தனை முறை தவறவிட்டது, ஒன்றும் தெரியாது. அதன் லத்தீன் பெயருக்கே ஊர் ஊராய்த் திரிவது என்று பொருள். துருவப் பகுதியில் கூடு வைக்கும் வல்லூறுகள் குளிருக்குத் தென் அமெரிக்கா வரை போய்த் திரும்பும். அப்படிப்பட்ட ஒரு பறவையின் வாழ்க்கையில் அது உட்கார்ந்த இடத்தை மட்டும் நான் அறிவேன்.

ஜூனில் வெள்ளைப் பஞ்சு உதிரத் தொடங்கியது. குஞ்சுகளுக்கு உள்ளேயிருந்து பழுப்பு இறகு வெளிவந்தது. சிறகை அடித்துக்கொண்டு பெட்டிக்குள் குறுக்கும் நெடுக்கும் ஓடின, உதிர்ந்த பஞ்சு படம் முழுக்கப் பறந்தது. பிறகு அந்த இடது பக்கம் போகத் தொடங்கின. நான் சொன்னேனே, படத்தில் விழாத விளிம்பு. ஒரு குஞ்சு இடது பக்கம் நடந்து மறையும். பறந்துவிட்டதா, பக்கத்தில் நிற்கிறதா? பத்து நிமிடம் கழித்து ஒன்றும் நடக்காத மாதிரி திரும்பி வரும். இப்படி ஒரு நாளைக்கு இருபது முறை. நகரத்தில் முதல் பறத்தல் லேசானதில்லை. கண்ணாடிச் சுவர் உண்டு, சாலை உண்டு. கீழே விழுந்தவற்றைப் பெட்டியில் எடுத்துப்போய் மறுபடி மேலே விடுகிறவர்கள் உண்டு என்றாலும், பறந்தவற்றில் பாதிக்கு மேல் முதல் வருடத்தைத் தாண்டுவதில்லை. இதை அம்மாவிடம் சொல்லவில்லை.

எடை குறைவு என்பதால் ஆண் குஞ்சுகள் முதலில் போயின, அடுத்தடுத்த நாளில். பெண் குஞ்சு மூன்று நாள் தனியாக நின்று கத்தியது. பெற்றோர் இரையோடு வந்தார்கள், ஆனால் உள்ளே வரவில்லை. கண்ணெதிரே காட்டிக்கொண்டு பறந்திருப்பார்கள் என்று அதன் தலை திரும்பிய விதத்தில் இருந்து ஊகித்தேன். நான்காம் நாள் நான் குளித்துவிட்டு வருவதற்குள் பெட்டி காலி. பின்னால் ஓட்டிப் பார்த்தேன். 7 மணி 12 நிமிடத்துக்கு உடம்பை உதறியது. இடது பக்கம் நடந்தது. சிறகடிக்கும் சத்தம் இரண்டு மூன்று முறை. அதன் தலையில் ஒட்டியிருந்த பஞ்சு ஒன்று காற்றில் திரும்பிவந்து கூழாங்கல் மேல் விழுந்தது. அவ்வளவுதான்.

"விழுந்திருக்குமோ?" என்றார் அம்மா. தெரியவில்லை என்றேன்.

காலிப் பெட்டியை மூடாமல் திறந்தே வைத்திருந்தேன். பொரியாத முட்டை ஒரு மூலையில். மறுநாள் சாயங்காலம், வெயில் சாய்வாக விழுந்துகொண்டிருந்தபோது, கூழாங்கல்லின் மேல் ஏதோ ஒன்று வெட்டினாற்போல் கடந்தது. பின்னால் ஓட்டினேன், மெதுவாக்கினேன், ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தினேன். ஒரு நிழல், சிறகு பின்னுக்கு மடிந்த மாதிரி கூர்மையாக. அது இருந்தது இரண்டே ஃபிரேமில்.